மட்கார்டில் இருந்த ஆறுமுனை நட்சத்திரம்

எங்கள் ஜீப்பில் இருந்த நட்சத்திரத்தைச் சுரண்டி அழித்தது நான்தான். இந்த ஒரு வரியை எழுத எனக்கு இரண்டு வருடம் ஆகியிருக்கிறது. யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்குப் பதில் பேசி அவர்களை ஒரு வழி பண்ணியிருப்பேன். எனக்கு வாய் நீளம். யாரும் சொல்லாததால் அது என்னோடேயே தங்கிவிட்டது.

எங்கள் வீடு கம்பத்தில். வீட்டுக்காரருக்கு ஜீப் ஓட்டுவது தொழில். விடிவதற்கு முன்னால் கூலிக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்டுக் கணவாய் வழியாக மலையேறுவார். கேரளத்து ஏலத்தோட்டத்தில் அவர்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவார். நான் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். கணக்கு டீச்சர் என்பதால் மற்றவர்களைவிடப் புத்தி கொஞ்சம் தெளிவு என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. அந்த நினைப்பும் இந்தக் கதையில் சேர்த்தி.

நட்சத்திரத்தை எழுத வைத்தவர் என் மாமனார். முதன்முதலாக ஜீப் வாங்கியபோது பெயின்டரைக் கூப்பிட்டு, இடது பக்கத்து முன் மட்கார்டில் வெள்ளை வட்டம் போடச் சொன்னாராம். அதற்குள்ளே பச்சை நிறத்தில் இரண்டு முக்கோணங்கள், ஒன்று மேல் நோக்கி, ஒன்று கீழ் நோக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக. சுலைமான் நபியின் முத்திரை. காற்றும் ஜின்களும் அந்த முத்திரை மோதிரத்துக்குத்தான் கட்டுப்பட்டன என்று எங்கள் வீடுகளில் சொல்வார்கள். மாமனார் காலத்தில் தாயத்துத் தகட்டிலும் நிலைப்படிக்கு மேலேயும் இது இருந்தது. மலைப்பாதையில் ஓடுகிற வண்டிக்கு ஒரு காவல் வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அவர் மவுத்தான பிறகும் ஒவ்வொரு வருடமும் நோன்பு பிறப்பதற்கு முன் என் வீட்டுக்காரர் அதன் மேல் ஒரு கை பச்சை பூசிவிடுவார்.

வண்டியில் ஏறுகிற பெண்களுக்கு சுலைமான் நபியைத் தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை அது முருகன். ஆறு முகம், ஆறு முனை, கணக்குச் சரியாகத்தான் இருந்தது. டீக்கடைப் பக்கத்திலிருந்து வரிசையாக வருவார்கள். மட்கார்டைத் தாண்டும்போது விரலால் அந்த நட்சத்திரத்தைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு, பின்னால் போய் ஏறுவார்கள். தோட்டத்தில் மேற்பார்வை பார்க்கும் மலையாளத்து அம்மா ஒருவர் டிசம்பர் மாதத்தில் வண்டியைப் பார்த்து, "இது கிறிஸ்துமஸ் ஸ்டார் அல்லே சேட்டா?" என்று கேட்டாராம். "ஆமா சேச்சி, எல்லாருக்கும் ஸ்டாருதான்" என்று இவர் சொல்லிவிட்டு வந்தார். வம்புக்குப் போகாத மனிதர். வம்பெல்லாம் என் இலாகா.

அந்தப் பெண்களில் ஒருத்தி முன் சீட்டில் உட்காருவாள். கொண்டை ஊசி வளைவில் அவளுக்குக் குமட்டும், அதனால் மற்றவர்கள் அந்த இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள். எங்களுக்குப் பின் தெருவில் வீடு. அவளும் அவளுடைய அக்காவும் சேர்ந்துதான் காயெடுக்கப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வந்து, அவள் போனுக்கு வந்த செய்திகளை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வாள். பாதி விளம்பரமாக இருக்கும். அதையும் முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்பாள். ஒருநாள் அந்த இரண்டு முக்கோணத்துக்கு அவளாக ஒரு விளக்கம் சொன்னாள்.

"மேல போறது ஒண்ணு, கீழ வர்றது ஒண்ணு. நாங்க மலைக்குப் போயிட்டுத் திரும்பி வர்றோம்ல டீச்சரம்மா, அதத்தான் எழுதி வச்சிருக்காக."

ஆறாம் வகுப்பில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நான் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். அவளிடம் சிரித்து மட்டும் வைத்தேன்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் என் கொழுந்தன் விடுப்பில் வந்திருந்த நேரம் அது. காசாவில் சண்டை நடந்துகொண்டிருந்தது. அவர் போன் முழுக்க அந்தப் படங்கள்தான். வெள்ளைத் துணியில் சுற்றிய சின்னச் சின்ன உடம்புகள். பார்த்து நானும் அழுதேன். சோறு இறங்கவில்லை. அந்தக் கோபத்தோடு வெளியே போனவர், ஜீப்பைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"என்ன மதினி இது? இஸ்ரேல் கொடில இருக்குறத வண்டில எழுதிக்கிட்டு ஊரெல்லாம் திரியிறாக அண்ணன்."

"அது நபி முத்திரை. ஒங்க அத்தா எழுதுனது" என்றேன் நான். அன்றைக்கு விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அதற்குள் யாரோ மட்கார்டைப் படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். கீழே பத்து இருபது பேர் வாய்க்கு வந்ததை எழுதியிருந்தார்கள். ஒரு கல்யாண வீட்டில், பிரியாணி சகன் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, எதிரே இருந்த அம்மா சத்தமாகக் கேட்டார். "ஒங்க வீட்டு வண்டியா அது? படிச்ச பிள்ள நீ, தெரிய வேணாமா?" எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். படித்தவள் என்று சொல்லி அடித்தால் எனக்குத் தாங்காது. சோற்றுக் கையோடு எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் அழிக்கச் சொன்னேன். "அத்தா எழுதுனதுடி" என்றார். அவ்வளவுதான். முடியாது என்று அவர் சொல்லவில்லை. நான் இன்னொரு முறை சொல்லியிருந்தால் அவரே அழித்திருப்பார். அழிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பெண்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டு ஜும்மாவுக்குக் கீழே வந்துவிடுவார். பள்ளிவாசல் பக்கம்தான், ஜீப்பை வாசலில் நிறுத்திவிட்டு நடந்து போவார். அந்த வெள்ளிக்கிழமை எனக்குப் பள்ளி விடுமுறை. அவர் தலை மறைந்ததும் தின்னர், பழைய கத்தி, உப்புத்தாள், துணி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய் மட்கார்டுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தேன். லேசில் போகவில்லை. ஒரு பச்சையைச் சுரண்டினால் அதற்கு அடியில் இன்னொரு பச்சை. அத்தனை வருடத்து நோன்பும் ஒன்றன் மேல் ஒன்றாக அங்கே இருந்தது. கடைசியில் தகரம் தெரிந்தது. நட்சத்திரம் போய், வட்டம் மட்டும் வெளுப்பாக நின்றது.

தொழுதுவிட்டு வந்தவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கை நோகலையா ஒனக்கு?" என்றார். சாப்பிட்டுவிட்டு மலைக்குக் கிளம்பினார்.

சாயங்காலம் தோட்டத்தில் ஏற வந்த பெண்கள் கையை நீட்டியபடியே நின்றுவிட்டார்களாம். "பெயின்டு உரிஞ்சு போச்சு, புதுசா எழுதணும்" என்று இவர் சொல்லியிருக்கிறார். என் பெயரை எடுக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை முன் சீட்டுப் பெண் வழக்கம்போலப் போனை எடுத்துக்கொண்டு வந்தாள். வாசித்து முடித்த பிறகும் போகாமல் நின்றாள்.

"முருகனத் திரும்ப எப்ப எழுதுவீக டீச்சரம்மா?"

"ஏன், ஒன் வீட்டுல முருகன் இல்லையா? எங்க வண்டிலதான் வந்து ஒக்காரணுமா?"

கேலியாகத்தான் கேட்டேன். அவளும் சிரித்தாள். "வீட்டுல இருக்குறவரு மலைக்கு வரமாட்டாரே" என்றாள்.

பார்ப்போம் என்று அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகும் அவள் தினமும் அந்த வெற்று வட்டத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறினாள் என்று வீட்டுக்காரர் சொன்னார்.

மூன்றாவது வாரம், மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயங்காலம், இறக்கத்தில், ஒரு வளைவில் ஜீப் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சரிந்தது. கீழே ஒரு இலவ மரம் தடுத்து நிறுத்தியது. பின்னால் இருந்தவர்களுக்குக் கை முறிவு, கால் முறிவு. வீட்டுக்காரருக்கு இடுப்பெலும்பு. முன் சீட்டில் இருந்தவள் அங்கேயே போய்விட்டாள். திரும்பி வரும் வழியில்தான் போனாள், பாதி மலை இறங்கியிருந்தார்கள்.

வீட்டுக்காரர் நான்கு மாதம் படுக்கையில் இருந்தார். வழக்கு நடக்கிறது. அந்த வழக்குக் காகிதங்களில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் வாங்கிப் படித்ததில்லை. இப்போது ஒரு திராட்சைக் குடோனில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பெட்டி அடுக்குவதை மேற்பார்வை பார்க்கிறார். காலை இழுத்து இழுத்து நடக்கிறார். நட்சத்திரத்தைப் பற்றி அவர் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசியதில்லை. ஆனால் எனக்குத் தெரியும், என்னால்தான் அவள் செத்தாள். கணக்கு டீச்சர், பகுத்தறிவு, எல்லாம் அந்த மரத்தடியோடு போயிற்று. காவலை எடுத்தது நான். அடுத்த மூன்றாவது வாரத்தில் காவு போனது அவள். இதற்குமேல் என்ன நிரூபணம் வேண்டும் என்று என் மனம் என்னிடம் கேட்டது.

அவள் கை எனக்குத் தெரிய ஆரம்பித்தது. அவள் அந்த வெற்று வட்டத்தைத் தொட்டதை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. ஆனாலும் தெரிகிறது. ஏலக்காய்ச் சாறு ஏறிக் கறுத்த நகம், ஒரு சிவப்புக் கண்ணாடி வளையல், நீட்டிய இரண்டு விரல். தோசை திருப்பும்போது தெரியும். துணி பிழியும்போது தெரியும். வகுப்பில் காம்பஸை வைத்து ஒரு வட்டம் போட்டு, அதே அளவில் ஆறு இடத்தில் வெட்டி, ஒன்றுவிட்டு ஒன்றாகச் சேர்த்தால் நட்சத்திரம் வரும். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பாடம். அந்த வருடம் ஆறு வெட்டும் போட்டுவிட்டு நின்றுவிட்டேன். கோட்டை இழுத்தால் அந்தக் கை வந்து கரும்பலகையைத் தொட்டுவிடும் என்று ஒரு பயம். "மிஸ், ஸ்டார் வரலையே" என்று பிள்ளைகள் கத்தினார்கள். வீட்டில் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி டஸ்டரை எடுத்து அழித்தேன். அழித்த பிறகு அந்த டஸ்டரைப் பிடித்திருந்த என் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அழித்தது ஒன்றுதான். அதற்குப் பிறகு எங்கே திரும்பினாலும் அதுவாக இருந்தது. பழைய பள்ளிவாசலின் ஜன்னல் கல்லில் வரிசையாக ஆறுமுனை நட்சத்திரம் குடைந்திருக்கிறது. நாற்பது வருடமாக அந்தச் சுவரைத் தாண்டி நடக்கிறேன், அப்போதுதான் கண்ணில் பட்டது. வீரபாண்டித் திருவிழாக் கடையில் செப்புத் தகடு விற்கிறவரிடம் நடுவில் எழுத்து எழுதிய நட்சத்திரங்கள் அடுக்கடுக்காகத் தொங்கின. மார்கழியில் பக்கத்து வீட்டு வாசலில் புள்ளி வைத்து அதையே போட்டிருந்தார்கள். நான் தெருவின் அந்த ஓரமாகச் சுற்றிப் போனேன். தக்காளி வந்த மூங்கில் கூடையைக் கவிழ்த்தபோது, பின்னலின் ஒவ்வொரு கண்ணிலும் அது இருந்தது. கூடையைத் தூக்கித் தூரப் போட்டேன்.

கடைசியில் பள்ளிக் கணினியில் உட்கார்ந்து தேடினேன். பயப்படுகிற விஷயத்தைப் படித்துத் தீர்த்துவிடலாம் என்பது என் குணம். ஜப்பானில் அந்தக் கூடைக் கண்ணைப் பார்த்தால் பேய் ஓடிவிடும் என்று வீட்டுக்கு வெளியே கூடையை உயரத்தில் மாட்டுவார்களாம். இந்துக்களுக்கு மேல் முக்கோணம் சிவம், கீழ் முக்கோணம் சக்தி. யூதர்களுக்கு அது தாவீதின் கேடயம். அந்த இடத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாவீது என்பவர் எங்களுக்கு தாவூத் நபி. அவருடைய மகன்தான் சுலைமான் நபி. அங்கே அப்பா பெயரில் இருப்பது இங்கே பிள்ளை பெயரில் இருக்கிறது, அவ்வளவுதான். போன நூற்றாண்டில் ஐரோப்பாவில் மஞ்சள் துணியில் இதே நட்சத்திரத்தை வெட்டி அந்த மக்களின் சட்டையில் தைக்க வைத்திருக்கிறார்கள். யாரைப் பிடித்துக் கொண்டுபோய்க் கொல்ல வேண்டும் என்று தெருவில் பார்த்தவுடன் தெரிய வேண்டும் அல்லவா, அதற்காக. அதில் பிள்ளைகளின் சட்டைகளும் இருந்தன. கொழுந்தன் போனில் நான் பார்த்த பிள்ளைகளையும் இந்தப் பிள்ளைகளையும் சேர்த்து நினைத்துக்கொண்டு அந்தக் கணினி முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இது தெரியாமல்தான் நான் கத்தியை எடுத்திருந்தேன். தெரிந்திருந்தால் எடுத்திருப்பேனா என்பதும் நிச்சயமில்லை. கல்யாண வீட்டில் எனக்கு உறைத்தது கொடி இல்லை, 'படிச்ச பிள்ள' என்ற சொல்தான்.

படித்து ஒன்றும் தீரவில்லை. கை வந்துகொண்டுதான் இருந்தது. அவள் அக்காவிடம் சொல்லிவிட்டால் விட்டுவிடும் என்று தோன்றியது. விபத்துக்குப் பிறகு அந்த அக்கா மலைக்குப் போவதில்லை. ஊருக்கு வெளியே ஒரு திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறார். அந்த இரண்டு வருடத்தில் தெருவில் எதிர்ப்படும்போதெல்லாம் தலையை ஆட்டிவிட்டு வேகமாக நடந்திருக்கிறேன். தங்கச்சிக்கு இரண்டாவது தெவசம் முடிந்த மறுவாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்துக்கே போனேன்.

திராட்சைப் பந்தலுக்குக் கீழே, குனிந்தபடி நின்று, குலையிலிருந்து அழுகின பழங்களைச் சின்னக் கத்தரியால் வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க டீச்சரு. என்ன இம்புட்டுத் தூரம்?" என்றார். கத்தரியை நிறுத்தவில்லை.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "அக்கா, வண்டில இருந்த நட்சத்திரம் தானா உரியல. நான்தான் சுரண்டுனேன்" என்றேன்.

"தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"தானா உரிஞ்சா அம்புட்டு வட்டமாவா உரியும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். கொழுந்தன் சொன்னது, கல்யாண வீடு, ஜும்மா நேரம், தின்னர், அவள் என் வீட்டு வாசலில் நின்று கேட்டது, நான் கேலி செய்தது. காவலை நான் எடுத்ததால்தான் அவள் போனாள் என்றும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இரண்டு குலையை முடித்தார். பிறகு கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு என் எதிரே வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன்.

"சுரண்டுறதுக்கு எம்புட்டு நேரமாச்சு டீச்சரு?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."

"எங்கன ஒக்காந்து சுரண்டுனீக?"

"மட்கார்டுக்கு முன்னால. கீழ, குத்தவச்சு."

"அப்ப டயரு ஒங்க மூஞ்சிக்கு நேரால்ல இருந்திருக்கும்?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"ரப்பரு தேஞ்சு டயருல நூலு வெளிய தெரிஞ்சது. வண்டில ஏறுற பதினோரு பேரும் தெனமும் அதப் பாத்துட்டுத்தான் ஏறுனோம். அந்த டயரப் பாத்துப் பயந்துதானே மேல கைய வச்சுக் கும்பிட்டோம். சாமி மேல ஆசைப்பட்டா வண்டி வண்டியாவா தொட்டுக்கிட்டுத் திரிவோம்?" அவர் குரலை உயர்த்தவே இல்லை. "நீங்க பாத்தீகளா, இல்லையா? அதச் சொல்லுங்க."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அங்கே வேறு யாரும் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் என் இரண்டு வருடப் பயமும் அழுகையும் ஒரு வேஷம் மாதிரி ஆகிவிட்டது. சுரண்டின பச்சைத் தூள் டயர் மேல் விழுந்தது. அதைக் கையால் தட்டிவிட்டேன். தட்டும்போது ரப்பருக்குப் பதில் நூல் விரலில் உரசியது. வீட்டுக்காரரிடம் டயரை மாற்றச் சொல்ல வேண்டும் என்று அப்போது நினைத்தேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதற்குள் ஒரு முனை சரியாகப் போகாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு மறுபடி கத்தியை எடுத்தேன். அந்த ஞாபகத்தை நான் எங்கேயும் தொலைக்கவில்லை. அதன் மேல் நட்சத்திரத்தைப் போட்டு மூடி வைத்திருந்தேன்.

"பாத்தேன்க்கா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். இடுப்பிலிருந்து கத்தரியை எடுத்து, அடுத்த குலையைக் கையில் ஏந்திக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நாங்க ரெண்டு தடவ சொன்னோம். சீசன் முடியட்டும், மாத்திருவோம்னாரு பாய். கூலிக்காரிக சொல்லு, அம்புட்டுத்தான் ஏறும். நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா மறுநாளே மாத்தியிருப்பாரு. அவுக அத்தா எழுதுனத நீங்க சுரண்டுனதுக்கே ஒண்ணும் சொல்லாத மனுசன்தானே அவரு."

அது உண்மை. அவர் என் பேச்சை ஒருநாளும் தட்டியதில்லை.